ஆண் மீனின் அழகைத் தீர்மானிப்பவள் யார்?

வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய ஒரு குடும்பத்தைப் பார்க்க அண்மையில் சென்றிருந்தோம். 1990இல் வெளிக்கிட்டவர்கள். காணி விடுபட்டுத் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. கிணறு மட்டும் இருந்தது. தோட்டம் இன்னும் கைகொடுக்கவில்லை என்பதால் வீட்டுத் தலைவி மூன்று சீமெந்துத் தொட்டிகளில் கப்பி மீன் வளர்க்கிறார். வாங்கிவந்த தாய் மீன்கள் ஈன்ற முதற் குஞ்சுகள் அகன்ற சிவப்பு வாலுடன் வளர்ந்தன. நல்ல விலைக்குப் போயின. பிறகு வந்த ஆண்களுக்கோ வால் குறுகி, உடம்பில் செம்மஞ்சட் புள்ளியும் கறுப்புப் பொட்டும் விழுந்தன. வாங்க வந்த வியாபாரி தொட்டியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

"சுவாமி, தாய் மீனையே பிழையாத் தந்திட்டினம்" என்றார் அந்தத் தாய். கடன் எடுத்துக் கட்டிய தொட்டிகள் அவை.

தாய் மீனில் பிழை இல்லை. அவர் தண்ணீர் அள்ளும் கிணற்றிலும் கப்பி மீன் இருக்கிறது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபன்சி என்ற நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்று நீரிலும் முட்டையிடும். அதன் குடம்பிகளைத் தின்னவே வடக்கில் கிணறுகளுக்குள் கப்பி விடுகிறார்கள். கிணற்று ஆண்கள் சில, வாளித் தண்ணீரோடு ஏறித் தொட்டிக்குள் போயிருக்கின்றன. சிவப்பு வால்காரர் பலர் சுற்றி நிற்க, பெண் மீன்கள் இந்தப் புதியவர்களையும் ஏற்றிருக்கின்றன. ஏன்?

கப்பியின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் வடகரையும் அதை அண்டிய திரினிடாட் தீவுமாகும். பெண் பெரியது, சாம்பல் நிறம். ஆண் சிறியது, உடம்பெல்லாம் நிறம். காட்டு ஆற்றில் ஓர் ஆணைப்போல் இன்னோர் ஆண் இராது. ஆண் மீன் பெண்ணின் முன்னே உடம்பை வளைத்து நடுங்கி நடுங்கிக் காட்டும். பிடித்தால் பெண் அதனை நோக்கி மெல்ல நகரும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். மயிலின் தோகையும் இப்படிப் பெண்ணின் தெரிவினாலேயே வளர்ந்தது என்று சார்ள்ஸ் டார்வின் 1871இல் எழுதியபோது, பெண்ணாவது தெரிவு செய்வதாவது என்று அக்காலப் படித்தவர்களிற் பலர் நம்பவில்லை. (நம்மவர்களிலும் இன்று நம்பாதவர்கள் இருக்கக்கூடும்!)

திரினிடாட்டின் மலையாறுகளில் அருவிகள் பல. அருவிக்குக் கீழே கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் உண்டு. அங்கே ஆண்கள் மங்கலாக இருக்கும். அருவிக்கு மேலே அந்த வேட்டை மீன்கள் ஏற முடியாது. அங்கே ஆண்கள் பளிச்சென்றிருக்கும். ஜோன் எண்ட்லர் என்ற ஆய்வாளர் 1976இல் கீழிருந்து ஏறக்குறைய 200 கப்பிகளைப் பிடித்து, கப்பி இல்லாத, பெரிய வேட்டை மீனும் இல்லாத ஒரு கிளையாற்றில் விட்டார். இரண்டு ஆண்டுகள், அதாவது ஏறத்தாழ 15 தலைமுறைகள் கழித்துப் பார்த்தபோது, அவற்றின் வழிவந்த ஆண்களுக்குப் புள்ளிகள் கூடியும் பெருத்தும் இருந்தன. பளிச்சென்ற ஆணைப் பெண் விரும்புகிறது. அதே ஆணை வேட்டை மீனும் முதலிற் காண்கிறது. வேட்டைக்காரன் போனதும் பெண்ணின் விருப்பம் மட்டுமே மிஞ்சியது. இரண்டே ஆண்டில் ஓர் இனத்தின் தோற்றம் மாறியதை நினைக்க எமக்கு இன்றும் வியப்புத்தான்.

பெண் பெரும்பாலும் பார்ப்பது செம்மஞ்சளை. அந்த நிறத்தின் முக்கிய பொருளான கரோட்டினொயிட்டை மீனின் உடம்பு தானாக உண்டாக்காது. பாசியிலிருந்தும் சிறு பூச்சிகளிலிருந்தும் தின்று சேர்க்க வேண்டும். ஒட்டுண்ணி பிடித்த ஆணில் நிறம் மங்கும். ஆகவே நிறம் என்பது நன்றாகத் தின்கிறேன், நோயில்லை என்று ஆண் காட்டும் அத்தாட்சி போன்றது. இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது: ஆற்றில் விழும் செம்மஞ்சட் பழங்களைக் கப்பிகள் விரும்பித் தின்னும், அந்த நிறத்தில் ஏற்கெனவே இருந்த ஆசையை ஆண்கள் பயன்படுத்திக்கொண்டன.

ஆனால் எல்லாப் பெண்களும் எப்போதும் ஒரே ஆணைத் தேடுவதில்லை. வேட்டை மீன் அருகே நின்றால் பெண் அவ்வளவு பார்த்துத் தெரிவதில்லை. பக்கத்துப் பெண் ஓர் ஆணோடு நிற்பதைக் கண்டு தானும் அதனையே நாடுவதுண்டு. முக்கியமாக, பழகிய ஆண்களைவிட அரிதான, புதிய தோற்றமுடைய ஆணைப் பெண் கூடுதலாக விரும்பும். நாம் பார்த்த தொட்டியில் அந்தப் புதியவன் கிணற்று மீன்தான்! மேலும் கப்பியின் நிற அமைப்பிற் பல தகப்பனிடமிருந்து நேரே மகனுக்கு இறங்குபவை. ஒருமுறை பெற்ற விந்தைப் பெண் மீன் மாதக்கணக்கில் உடம்பினுள் வைத்திருந்து குஞ்சு ஈனும். எனவே கிணற்று ஆணைப் பிடித்து வெளியே விட்ட பிறகும் அதன் பிள்ளைகள் வந்துகொண்டேயிருக்கும்.

மீன் வளர்க்க எண்ணும் குடும்பங்கள் குஞ்சுகளை மூன்று நான்கு கிழமைக்குள்ளேயே பிரித்துவிட வேண்டும். வயிற்றின் கீழுள்ள செட்டை ஒடுங்கிக் குச்சிபோல நீளத் தொடங்கினால் அது ஆண். பெண்களைத் தனித் தொட்டியில் வளர்த்து, நாம் விரும்பும் ஆணை மட்டும் பிறகு விட வேண்டும். நீர் தெளிவாக இருக்கட்டும். ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் மண்ணும் உரமும் கழிவும் சேர்ந்து நீர் கலங்கியபோது, பெண் மீன்களுக்கு ஆண்களின் நிறம் தெரியாமற்போய், வெவ்வேறு இனங்கள் ஒன்றோடொன்று கலந்துபோனதை 1997இல் எடுத்துக்காட்டினார்கள். விலைபோகாத மீனைக் குளத்தில் கொட்ட வேண்டாம். அங்குள்ள எமது சிறுமீன்களின் இரையையும் இடத்தையும் கப்பி பறித்துவிடும். கிணற்றுக் கப்பி கிணற்றிலேயே இருக்கட்டும், அதற்கு அங்கே வேலை இருக்கிறது.

சென்ற கிழமை மறுபடி அங்கு போனோம். தண்ணீர் ஊற்றும்போது தொட்டியின் வாயில் பழைய நுளம்பு வலைத் துண்டொன்றைப் பிடிக்கிறார்கள். மூன்றாவது தொட்டியில் பிரித்து விட்ட பெண் குஞ்சுகள் பதினொன்று. தகப்பன் மீனைத் தெரிவு செய்யும் பொறுப்பு மூத்த மகளிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.