காகிதத்தில் செத்த கார்

இன்ஜின் ஓடுகிறது. பெட்ரோலும் அளவாகத்தான் குடிக்கிறது. ஆனாலும் தில்லிச் சாலைகளில் மாருதி 800-க்கு இனி இடமில்லை.

தில்லி லக்ஷ்மிபாய் நகர், மத்திய அரசு ஊழியர்கள் வசிக்கும் குடியிருப்பு. தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இங்கே இருக்கிறது. முருங்கைக்காயும் அப்பளமும் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் கூப்பிடு தூரம். தலைநகரத் தமிழர்களுக்குப் பழகிய பேட்டை. ஆனால் பழைய அரசுக் குவார்ட்டர்ஸ்களில் கார் நிறுத்தத் தனி இடம் கிடையாது. கட்டிய காலத்தில் குமாஸ்தா வீட்டுக்குக் கார் வரும் என்று யார் நினைத்தார்கள்?

கார் வந்தது. பெரும்பாலும் அது மாருதி 800 ஆகத்தான் இருந்தது. வாசலை ஒட்டிய தெருவிலேயே நின்றது. இன்று அதற்குச் சிக்கலே அந்தத் தெருதான்.

இந்தக் காரின் கதைக்கும் இந்த வட்டாரத்துக்கும் தொடர்பு உண்டு. சாலைக்கு அந்தப் பக்கம் சப்தர்ஜங் விமான நிலையம். 1980 ஜூன் 23-இல் சஞ்சய் காந்தி ஓட்டிச் சென்று விபத்துக்குள்ளான விமானம் கிளம்பியது அங்கிருந்துதான். மக்கள் கார் என்ற அவருடைய கனவு அவர் காலத்தில் கைகூடவில்லை. அதன் பிறகு மாருதியை அரசே எடுத்துக்கொண்டது; 1982-இல் ஜப்பானின் சுசுகி கைகோத்தது. சஞ்சயின் பிறந்த நாளான டிசம்பர் 14 அன்று, 1983-இல், முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். குலுக்கலில் அதைப் பெற்ற ஹர்பால் சிங், இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். அவர் வீடு லக்ஷ்மிபாய் நகருக்குத் தெற்கே உள்ள கிரீன் பார்க்கில். 2010-இல் இறக்கும்வரை அவர் அந்தக் காரைக் கைவிடவில்லை.

அப்போது விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்திருந்தார்கள். புதிய கார் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் பிறகு வழி பிறந்தது. அரசு தந்த கார் கடனும், ஐந்தாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகையும், பழைய கார்ச் சந்தையும் கைகொடுத்தன. பஸ்ஸில் தொங்கியவர்கள் ஸ்டியரிங் பிடித்தார்கள்.

பழைய மாருதியை வைத்துக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடும் வேலையல்ல. 796 சி.சி. இன்ஜினில் மூன்றே சிலிண்டர். ஆகவே மூன்றே ஸ்பார்க் பிளக். சுமார் 650 கிலோ எடை, 12 அங்குலச் சக்கரங்கள். ஓரளவு பராமரித்தால் ஊருக்குள் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. 1,000 சி.சி.க்கு உட்பட்ட கார் என்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் அடிப்படைக் கட்டணம், 2022-இல் நிர்ணயித்தபடி, ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் வரி.

இது வைக்கும் செலவுகளும் தெரிந்தவைதான். 2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. வரும்வரை எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். குளிர்காலக் காலையில் சோக் இழுத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் கிளப்ப வேண்டும். கிளட்ச் கேபிள் அறுந்தால் தெருமுனை மெக்கானிக்கே மாற்றிவிடுவார். உதிரி பாகங்களுக்குக் கஷ்மீரி கேட். பழைய பாகம் போதுமென்றால் மாயாபுரி. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ, தில்லிக்கு மாயாபுரி அப்படி. உண்மையான எதிரி துரு. மழைநீர் இறங்கி, மிதியடிக்குக் கீழே தரைத் தகடு அரித்துப் போகும். பழைய 800 வாங்குகிறவர் பெயின்ட்டின் பளபளப்பில் மயங்காமல் மிதியடியைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

ஆக, இன்ஜின் இந்தக் காரைக் கைவிடவில்லை. கைவிட்டது ஆர்.சி. புத்தகம். பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்கள் தில்லியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் உத்தரவிட்டது. பெட்ரோல் கார்களுக்குப் பதினைந்து, டீசலுக்குப் பத்து என்ற வரம்பை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் போடவே தடை வந்தது. எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களில் தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்கள் மீது நடவடிக்கை கூடாது என்றது. டிசம்பரில் அந்தச் சலுகையை பி.எஸ். 4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது.

மாருதி 800-க்கு மிச்சமிருந்த கதவும் அங்கே சாத்தப்பட்டது. 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 விதி வந்தபோது, அந்தத் தரத்துக்கு மாறாமலே தில்லி, சென்னை உள்ளிட்ட நகரங்களில் விற்பனையை நிறுத்திய கார் இது. தில்லியில் கடைசியாக விற்ற 800 கூட வயதிலும் தோற்றது, தரத்திலும் தோற்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது.

நீதிமன்றத்தின் கவலையைத் தள்ளிவிட முடியாது. குளிர்காலத் தில்லியில் மூச்சுவிடுவதே பெரும்பாடு. பெட்ரோல் காருக்கு பி.எஸ். 3 அனுமதித்த நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.15 கிராம், பி.எஸ். 4-இல் 0.08. ஏறக்குறையப் பாதி. அதற்கும் முந்தைய வண்டிகள் இன்னும் மோசம். ஆனால் கார் எவ்வளவு ஓடுகிறது என்று விதி கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வரும் 800-க்கும், நாள் முழுக்கச் சுற்றும் வண்டிக்கும் ஒரே தண்டனை.

ஓட்டாமல் நிறுத்தி வைக்கலாமே என்றால், அங்கேதான் குவார்ட்டர்ஸ்காரர் மாட்டிக்கொள்கிறார். 2024-இல் தில்லி அரசு வகுத்த நெறிமுறைப்படி, வயது முடிந்த வண்டி பொது இடத்தில் நின்றாலே பறிமுதல் செய்யலாம். காரை மீட்க 10,000 ரூபாய் அபராதம். இனி பொது இடத்தில் நிறுத்த மாட்டேன் என்ற உறுதிமொழியும் தேவை. சொந்த காம்பவுண்டு உள்ளவர் காரை உள்ளே விட்டுப் பூட்டிக்கொள்ளலாம். லக்ஷ்மிபாய் நகர்வாசிக்கு வாசலே தெருதானே!

மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குவது. மற்றது, தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவது. தமிழ்நாட்டில் பதினைந்து வருடக் காரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, தேறினால் கட்டணமும் பசுமை வரியும் கட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இருபது ஆண்டு தாண்டிய காருக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் நிர்ணயித்த புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். பழைய 800-க்குச் சந்தையில் கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஆகவே ஒரே வயது, ஒரே நிறம் கொண்ட இரண்டு 800-களில் ஒன்று கும்பகோணத்தில் பேரனைப் பள்ளியில் இறக்கிவிடுகிறது; மற்றது லக்ஷ்மிபாய் நகரில் கிரேன் வண்டிக்குப் பயந்து நிற்கிறது. இரண்டுமே சாவியைத் திருப்பினால் கிளம்பும்.