இந்தியாவில் ஊடுகதிர் நுட்பர்

ஊடுகதிர் நுட்பர் என்பவர் மருத்துவரின் பரிந்துரைப்படி ஊடுகதிர்க் கருவியை இயக்கி நோயாளியின் உடலுட்படங்களை எடுப்பவர் ஆவார். மருத்துவமனைகளில் இவரை எக்ஸ்ரே டெக்னீசியன் என்றும் ரேடியோகிராபர் என்றும் அழைப்பர். படத்தைப் பார்த்து நோயைக் கணிப்பவர் கதிரியல் மருத்துவர். அப்படத்தை எடுப்பவர் நுட்பர். பொதுமக்களில் பலர் இவ்விருவரையும் ஒருவராகவே கருதுகின்றனர். இந்தியாவில் நெடுங்காலம் கருவிக்கு அனுமதி தேவைப்பட்டதே ஒழிய, அதனை இயக்குபவர் பெயரில் நாடு முழுவதற்குமான பதிவேடு எதுவும் இருந்ததில்லை.

பணி

மார்புப் படம் எடுப்பது எளிய செயலாகத் தோன்றும். நோயாளியின் மார்பு ஏற்பியை ஒட்டியிருக்க, கதிர்க்குழாய் அவரது முதுகுப்புறம் ஏறத்தாழ 180 செ.மீ. தொலைவில் நிறுத்தப்படுகிறது. தொலைவு குறைந்தால் இதயத்தின் நிழல் உள்ளதைவிடப் பெரிதாக விழும். தோள்களை முன்புறமாகத் தள்ளினால்தான் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை மறைக்காமல் விலகும். மூச்சை நன்கு உள்ளிழுத்து அடக்கிய கணத்தில் கதிர் செலுத்தப்பட வேண்டும். வலம், இடம் காட்டும் ஈய எழுத்தை வைக்க மறந்தால், இதயம் வலப்புறம் அமைந்த ஒருவரின் படத்தை மருத்துவர் திருப்பி வைத்துப் பார்த்துவிடக் கூடும்.

கதிரின் ஊடுருவும் திறன் கிலோவோல்ட்டாலும், அதன் அளவு மில்லிஆம்பியர்-நொடியாலும் அமைகின்றன. நோயாளியின் பருமன், வயது, படமெடுக்கும் உறுப்பு ஆகியவற்றிற்கேற்ப இவற்றைத் தேர்ந்து, கதிர்க்கற்றையைத் தேவையான பகுதிக்கு மட்டும் குறுக்குவதே நுட்பரின் திறமை ஆகும். மார்பு சி.டி. ஸ்கேன் ஒன்றில் பெறும் கதிர் ஏற்பளவு, சாதாரண மார்புப் படத்தினதைப் போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்டது என்பதால் அங்கு இப்பொறுப்பு இன்னும் கூடுகிறது.

பிலிம் பயன்பட்ட காலத்தில் கதிர் மிகுந்தால் படம் கறுத்துவிடும். தவறு உடனே கண்ணுக்குத் தெரியும். எண்ணிமக் கருவிகளிலோ மென்பொருள் படத்தைச் சரிசெய்துவிடுவதால், தேவைக்கு மேல் கதிர் செலுத்திய படமும் நன்றாகவே தோன்றும். அளவு குறைந்தால்தான் படத்தில் புள்ளிகள் தோன்றிக் குறை தெரியும். இதனால் அளவைச் சற்றுக் கூட்டியே வைக்கும் பழக்கம் தம்மையறியாமல் வளர்கிறது. கருவி காட்டும் கதிரேற்பு எண்ணைப் படித்தறியும் பயிற்சி இல்லாதவர் கையில், நோயாளி பெறும் மிகைக்கதிர் எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

நுட்பரின் பாதுகாப்பு

பணியாளர் பெறும் கதிரை வெப்ப ஒளிர்வு அளவி கணக்கிடுகிறது. டி.எல்.டி. பட்டை எனப்படும் இது, ஈய மேலங்கிக்கு உள்ளே மார்பில் அணியப்பட்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வுக்கு அனுப்பப்படுகிறது. பணியாளருக்கான வரம்பு ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டொன்றுக்கு 20 மில்லிசீவர்ட்டு; எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது. நுட்பரே நோயாளியாகப் படம் எடுத்துக்கொள்ளும்போது இப்பட்டையை அணியக்கூடாது. மேலங்கியோடு சேர்த்துக் கதிர் அறையிலேயே மாட்டிவிட்டுச் செல்வதும் தவறு. சுவர் பெற்ற கதிர் அவர் கணக்கில் ஏறிவிடும்.

அனுமதியும் பதிவும்

அணு ஆற்றல் ஒழுங்குமுறை வாரியம் 1983 இல் அமைக்கப்பட்டது. அணு ஆற்றல் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள் 2004 இல் வெளிவந்தன. இவ்விதிகளின்படி ஊடுகதிர்க் கருவி வைத்திருக்கும் மருத்துவமனை வாரியத்தின் அனுமதி பெறவேண்டும். அறையின் அமைப்பு, கருவியின் தரச் சோதனை, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், தகுதியுள்ள இயக்குபவர் ஆகியவற்றிற்கு அம்மருத்துவமனையே பொறுப்பு. இயக்குபவரின் கல்வித் தகுதி இவ்வாறு கேட்கப்பட்டாலும், அனுமதி வழங்கப்படுவது நிறுவனத்திற்கே. பொத்தானை அழுத்துவது எவர் கை என்பதை அனுமதித்தாளால் காட்ட இயலாது. இம்முறையின் பெருங்குறை இதுவே ஆகும்.

இக்குறையை நிரப்ப வந்தது, 2021 இல் நிறைவேற்றப்பட்ட துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். மருத்துவக் கதிரியல், படமெடுப்பு, கதிர் மருத்துவத் தொழில்நுட்பம் ஆகியவை இதில் ஒரு தனிப் பிரிவாக உள்ளன. மாநில மன்றங்கள் பேணும் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயரும் தகுதியும் இடம்பெற வேண்டும் என்பது இதன் ஏற்பாடு. துணைநிலைப் பணியாளருக்குக் குறைந்தது 2000 மணி நேரமும், நலவாழ்வுத் தொழிலருக்குக் குறைந்தது 3600 மணி நேரமும் படிப்பு வேண்டும் எனச் சட்டம் வரையறுக்கிறது. ஓரிரு மாதச் சான்றிதழ் வகுப்புகள் இவ்வளவிற்கு வெகு தொலைவில் உள்ளன.

எம்.ஆர்.ஐ. கருவி அயனியாக்கும் கதிரைப் பயன்படுத்தாததால் வாரியத்தின் அனுமதி வரம்பிற்குள் வருவதில்லை. ஆயினும் அதனை இயக்குபவர் 2021 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டவரே. கேளா ஒலி வருடல் நிலை வேறு. இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற நுட்பர்களே அதனைச் செய்கின்றனர். இந்தியாவில் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் காரணமாக, கருவுற்ற பெண்களுக்கு இதனைத் தகுதி பெற்ற மருத்துவர் மட்டுமே செய்யலாம்.