பெருந்தொற்றுக் காலத்துப் பண உதவி: யாருக்குக் கிட்டியது, ஏன்?

கொள்ளைநோய் வந்தால் உடல் மெலிவதோடு கைத்தொழிலும் மெலியும் என்பதை நம் தலைமுறை கண்கூடாகக் கண்டது. 2020 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள் உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 25 முதல் நம் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. அந்நாட்களில் சிறுதொழில் செய்வோர்க்கென்று சர்க்காரும் பாங்குகளும் வெளியிட்ட உதவித் திட்டங்கள் பல. அவற்றின் பெயர்களை யாவரும் கேள்வியுற்றோம். ஆயினும் அவ்வுதவி எவருக்குக் கிட்டியது, எவருக்குக் கிட்டாமற் போயிற்று, அதன் காரணம் யாது என்று ஆற அமர எண்ணிப் பார்த்தவர் சிலரே. இனியொரு துன்பம் வருமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நெசவாள அன்பர்களுக்கும் விவசாய அன்பர்களுக்கும் இன்றியமையாதது என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நின்ற தறியும் மூடிய சந்தையும்

ஊரடங்கில் முதலில் நின்றது நூல் வரத்து. சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. நெய்து முடித்த சேலைகளை எடுத்துக்கொள்ள ஜவுளிக் கடைகள் திறந்திருக்கவில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் வரும் முகூர்த்தங்களை நம்பிப் பாவு பூட்டியவர்கள், அம்முகூர்த்தங்கள் ஆடம்பரமின்றி வீட்டளவில் நடந்து முடிவதைக் கண்டனர். விவசாயியின் நிலையோ இன்னும் கடினம். சேலையை அலமாரியில் மடித்து வைக்கலாம். பூவையும் வாழையிலையையும் அவ்வாறு வைக்க இயலாது. 2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டபொழுது, அதனை நம்பிச் சரக்கு அனுப்பிவந்த பல மாவட்டத்து விவசாயிகள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

இவ்வாறு அடிபட்டவர்கள் எத்தகையோர் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். 2019–20 இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். நெசவு செய்வோருள் பெரும்பாலோர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் ரூ. 5,000க்கும் குறைந்த வருவாயில் வாழ்பவை. ஒரு மாதம் கூலி நின்றாலும் அடுப்பு நிற்கும் குடும்பங்கள் இவை.

தவணை தள்ளிவைப்பு

முதலில் வந்தது தவணைச் சலுகை. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் பாங்கு, மார்ச் முதல் மே முடிய மூன்று மாதத் தவணைகளைத் தள்ளிவைக்கப் பாங்குகளுக்கு அனுமதி வழங்கியது. பின்னர் இச்சலுகை ஆகஸ்டு 31 வரை நீட்டிக்கப்பட்டது. கையில் காசில்லாத நேரத்தில் இது பெரிய ஆறுதலே. ஆனால் தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு மகிழ்ந்தவர் பலர். தவணை நின்றதேயன்றி வட்டி நிற்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ரூ. 1,00,000 கடனை நூற்றுக்கு ஆண்டு 12 வட்டியில், 60 மாதத் தவணையில் அடைப்பதாகக் கொள்வோம். அவர் ஆறு மாதம் செலுத்தாதிருந்தால் வட்டி மட்டும் ரூ. 6,000 ஆகும், வட்டிக்கு வட்டியையும் சேர்த்தால் ரூ. 6,152 ஆகும். வட்டிக்கு வட்டியான ரூ. 152 போன்ற தொகையை, ரூ. 2 கோடி வரை கடன் பெற்றோர்க்கு மத்திய சர்க்காரே ஏற்றுக்கொள்வதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. 2021 மார்ச் 23 அன்று சுப்ரீம் கோர்ட்டும், எத்தொகைக் கடனாயினும் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கலாகாது என்று தீர்ப்பளித்தது. நல்லது. எனினும் ரூ. 6,000 கடன்பட்டவர் தலையிலேயே நின்றது. பழைய தவணைத் தொகையையே அவர் தொடர்ந்து கட்டிவந்தால், 60 தவணைகளுக்கு மேல் ஏறத்தாழ 5 தவணைகள் கூடுதலாகச் செலுத்த வேண்டும். ஆதலின் வேறு வழியில்லாதோர் இச்சலுகையைப் பெற்றது சரியே; செலுத்த இயன்றவரும் சலுகை கிடைக்கிறதே என்று பெற்றதில் இலாபம் இல்லை.

கடன் உள்ளவர்க்கே கடன்

அடுத்து வந்தது சர்க்கார் உத்தரவாதத்துடன் கூடிய அவசரக் கடன். 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்துக்கு முதலில் ரூ. 3 இலட்சம் கோடி வரம்பு குறிக்கப்பட்டது. பின்னர் அது ரூ. 5 இலட்சம் கோடியாக உயர்ந்தது. புதிய ஈடு கேட்கக் கூடாது. உத்தரவாதக் கட்டணம் இல்லை. முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டுவதில்லை. மொத்தத் தவணைக் காலம் நான்கு ஆண்டு. பாங்குகள் வாங்கத்தக்க வட்டி நூற்றுக்கு 9.25க்கு மேற்படலாகாது. இவ்வளவும் நன்மையே. 2023 மார்ச் 31 உடன் இத்திட்டம் முடிவுற்றது.

ஆனால் கடன் தொகையை நிர்ணயித்த முறையை நோக்குக. 2020 பிப்ரவரி 29 அன்று தொழிலுக்கென வாங்கிய கடனில் நிலுவை எவ்வளவோ, அதில் நூற்றுக்கு 20 பங்கு வரை புதுக் கடன் என்பது தொடக்க விதி. ரூ. 5 இலட்சம் நிலுவை உள்ளவர்க்கு ரூ. 1 இலட்சம் கிடைக்கும். கடனே வாங்காமல் சிக்கனமாகத் தொழில் செய்தவர்க்கு ஒன்றும் இல்லை. கந்துவட்டிக்காரரிடம் கடன்பட்டவர்க்கும் ஒன்றும் இல்லை. மாஸ்டர் வீவரிடம் பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்கு நெய்பவர்க்கும் ஒன்றும் இல்லை. ஏனெனில் அவர் பெயரில் எந்தப் பாங்கிலும் தொழிற் கணக்கு இல்லை. அவர் தொழில் செய்பவர் என்பதற்கு ஊரார் சாட்சி. ஏடு சாட்சி இல்லை.

கூலிக்கென்று வந்த உதவியும் இவ்வாறே. 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை, 100 பேருக்கு மேற்படாத ஸ்தாபனங்களில் தொழிலாளருள் நூற்றுக்கு 90 பேர் மாதம் ரூ. 15,000க்குக் குறைவாகச் சம்பளம் பெற்றால், அவர்களுக்கான வருங்கால வைப்பு நிதியில் தொழிலாளி பங்கும் முதலாளி பங்குமாக நூற்றுக்கு 24ஐ மத்திய சர்க்காரே செலுத்தியது. வைப்பு நிதியில் பெயர் இல்லாத நெசவாளிக்கும் களைபறிக்கும் கூலியாளுக்கும் இதனால் பயன் ஏது?

இதற்கு மாறானதொரு திட்டமும் இருந்தது. 2020 ஜூன் மாதம் தொடங்கிய தெருவோர வியாபாரிகள் திட்டத்தில், முன்பு பாங்குக் கடன் பெற்றிராதவர்க்கும் ஈடின்றி ரூ. 10,000 கிடைத்தது. ஒழுங்காக அடைத்தவர்க்கு நூற்றுக்கு 7 வட்டி மானியமும், அடுத்த முறை கூடுதலான கடனும் உண்டு. துணி சுமந்து விற்பவரும் பூக்காரரும் காய்கறி விற்பவரும் இதில் அடங்குவர். ஆயின் இங்கும் நகராட்சிக் கணக்கெடுப்பில் பெயரோ நகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டியிருந்தது. இத்திட்டம் 2025 இல் திருத்தப்பட்டு, முதற் கடன் ரூ. 15,000 ஆக உயர்த்தப்பட்டு, 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் தொடங்கிய சம்பளப் பாதுகாப்புக் கடனில், பெரும்பகுதியைத் தொழிலாளர் சம்பளத்துக்குச் செலவிட்டவர் அதனைத் திருப்பித் தரவேண்டுவதில்லை. நம் நாட்டுத் திட்டத்தினும் தாராளமானது இது. ஆனால் முதலில் ஒதுக்கிய 34,900 கோடி டாலரும் 13 நாட்களில் தீர்ந்தது. பாங்குடன் முன்னரே நெருங்கிய தொடர்புள்ளவர்கள் முந்திக்கொண்டனர். சின்னஞ்சிறு கடைக்காரர் பலர் வரிசையிலேயே நின்றனர். பிரிட்டனிலோ வேலையின்றி வீட்டிலிருந்த தொழிலாளர்க்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு வரை, மாதம் 2,500 பவுன் வரம்புக்குட்பட்டு, சர்க்கார் அளித்தது. அங்கும் முதலாளியின் சம்பளப் பட்டியலில் பெயர் இருத்தல் வேண்டும். நாடு எதுவாயினும், நெருக்கடியில் செல்லும் பணம் முன்பே வெட்டிய வாய்க்கால் வழியே ஓடும் என்பது இதனால் விளங்கும்.

சங்கத்தின் வழியே வந்தது

நம் மாநிலத்தில் அரிசி அட்டைதாரர்க்கு 2020 ஏப்ரலில் ரூ. 1,000மும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாக ரூ. 4,000மும் நியாய விலைக் கடை வழியே வழங்கப்பட்டன. அட்டை என்னும் ஓர் ஏடு இருந்தமையால் இவ்வுதவி பெரும்பாலான வீடுகளுக்கு எட்டியது. 2021 பிப்ரவரி 5 அன்று, கூட்டுறவு பாங்குகளில் 16.43 இலட்சம் விவசாயிகள் பெற்றிருந்த ரூ. 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படும் என்று மாநில சர்க்கார் அறிவித்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றவர் விடுபட்டார். வட்டிக்கடையில் பெற்றவர் விடுபடவில்லை. ஆயினும் ஒன்று சொல்வோம்: தள்ளுபடியை எதிர்நோக்கிக் கடன் அடையாதிருப்பது சங்கத்தின் வேரில் வெந்நீர் ஊற்றுவதாகும். தள்ளுபடி ஒரு தேர்தல் ஆண்டில் வரலாம். விதைப்பு ஆண்டுதோறும் வரும்.

இன்று செய்யத்தக்கவை

முதலாவது, பெயர் பதிவு. தறி வைத்திருப்பவரும் சிறு பட்டறை நடத்துபவரும் ‘உத்யம்’ பதிவு செய்துகொள்ள வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. ஆதார் எண்ணும் வருமான வரி (பான்) எண்ணும் வேண்டும். பணம் கேட்கும் தரகரை நம்ப வேண்டா. வரி எண் இல்லாத மிகச் சிறு தொழிலாளர்க்கென 2023 ஜனவரியில் தனி ஏற்பாடும் தொடங்கப்பட்டது. நெசவாளர் அடையாள அட்டையையும் நல வாரிய உறுப்பினர் பதிவையும் காலாவதியாக விடாது காத்தல் நன்று. வீட்டில் உண்மையில் தறியில் அமர்பவர் மனைவியோ மகளோ ஆயின், அவர் பெயரிலேயே பதிவு இருத்தல் முறை.

இரண்டாவது, கணக்கு. கூலி, நூல், விற்பனை ஆகியவற்றை ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி, பணத்தைத் தம் பெயரிலுள்ள கணக்கின் வழியே பெறுதல் வேண்டும். சிறு கடனாயினும் வாங்கி ஒழுங்காக அடைத்தவர்க்கே, பெருங்கடன் தேவைப்படும் நாளில் பாங்கின் கதவு திறக்கும்.

மூன்றாவது, நமக்கு வரவேண்டிய பாக்கி. 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழில், சிறுதொழில் உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தப்படியும், எவ்வகையிலும் 45 நாட்களுக்கு மேற்படாமலும் பணம் தருதல் வேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கு விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. ஊரடங்கில் பாக்கி நின்று நொந்தவர் பலர். இச்சட்டத்தை அறிந்திருந்தவர் சிலரே. இது யாரும் இரங்கித் தரும் உதவி அன்று. நம் உழைப்பின் விலை.

நான்காவது, சங்கத்தின் சொந்த நிதி. சர்க்கார் உத்தரவு வெளியாகிப் பணம் கைக்கு வரும்வரை உள்ள வாரங்களே கொடியவை. 200 உறுப்பினருள்ள ஒரு சங்கம், ஆளுக்கு மாதம் ரூ. 50 வீதம் தனியே சேர்த்து வந்தால் ஆண்டுக்கு ரூ. 1,20,000; ஐந்தாண்டில் வட்டி நீங்கலாக ரூ. 6,00,000. தறி நின்ற மாதத்தில் வீட்டுக்கு ரூ. 3,000 உடனே கொடுக்க இது போதும். பெருந்தொகை அன்று, ஆயினும் தாலியையும் தறிச் சாமான்களையும் அடகு வைக்காமல் ஒரு மாதத்தைக் கடக்கப் போதும்.

நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. தம் ஊரில் சங்கத்துக்கு வெளியே நின்று கூலிக்கு நெய்யும் குடும்பங்களும், குத்தகைக்கு நிலம் உழும் குடும்பங்களும் எத்தனை என்று இம்மாதமே ஒரு பட்டியல் எடுத்து, அவர்களை உறுப்பினராக்கும் வேலையைத் தொடங்குவீர்களாக. 2020 இல் உதவி கிட்டாதவர்கள் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர். ஏட்டில் பெயர் இல்லாதவர்கள். அப்பெயரை எழுத வேண்டிய காலம் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும் இக்காலமே.