வெள்ளைத் தாளில் ஆறாத காயங்கள்

புது தில்லி: வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே சில கீறல்கள், பிளவுகள், குழிகள். பெரும்பாலானவற்றில் மை இல்லை. மனித உருவமும் இல்லை. ஓவியர் சோம்நாத் ஹோர் 1971 முதல் உருவாக்கிய 'காயங்கள்' வரிசையை முதன்முறை காண்போர், வேலை முடியாத தாள் என்றே எண்ணக்கூடும். அதற்குள் இருப்பது வங்கப் பஞ்சம்.

சிட்டகாங்கில் 1921-ல் பிறந்த ஹோர், 1943 பஞ்சத்தைக் கண்ணெதிரே கண்டவர். சுமார் 30 லட்சம் பேரைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் அப்பஞ்சம் இயற்கையின் விளைவு மட்டுமல்ல. பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் கைக்குப் போய்விடும் என்று ஆங்கிலேய அரசு படகுகளைப் பறித்தது. பதுக்கல் விலையை ஏற்றியது. ஓவியர் சித்தப்ரசாத்தின் தூண்டுதலால், பசித்தோரையும் நோயுற்றோரையும் ஹோர் வரையத் தொடங்கினார். கம்யூனிஸ்ட் கட்சி ஏடான 'ஜனயுத்த'வில் அவை வெளிவந்தன. 1946-ல் தேபாகா குத்தகை விவசாயிகளின் போராட்டத்தையும் நேரில் கண்டு வரைந்தார்.

அப்போது எல்லாமே முகங்கள், எலும்புகள். பின்னர் தில்லியில் அச்சோவியம் கற்பித்து, சாந்திநிகேதனுக்குச் சென்ற பிறகு உருவங்கள் மெல்ல மறைந்தன. வங்கதேசப் போரும் கொல்கத்தா வீதிகளின் நக்சலைட் காலக் கொலைகளும் பழைய நினைவைக் கிளறிய நேரம் அது.

அவர் கையாண்ட முறையும் கவனிக்கத்தக்கது. களிமண் பலகையைக் கத்தியால் கீறிக் கிழித்தார். அதன்மீது சிமெண்ட் வார்த்து அச்சு எடுத்தார். அந்த அச்சில் காகிதக் கூழை அழுத்தி உலர்த்தினார். எனவே தாளில் தெரிவது காயத்தின் படமன்று, காயத்தின் தடமே. பட்டினியில் வாடிய முகத்தை வரைந்தால் அது இன்னொருவரின் துன்பம் என்று பார்ப்பவர் விலகிவிடலாம். பெயரற்ற கீறலிடமிருந்து அவ்வாறு விலகுவது எளிதன்று. உருவமற்ற ஓவியம் சமூகத்தை விட்டு ஓடுவது என்ற இடதுசாரிகளின் பழைய குற்றச்சாட்டு இவரிடம் செல்லாது.

ஓவியம் மனப்புண்ணை ஆற்றும் என்று இக்காலத்தில் பலரும் கூறுகின்றனர். ஹோருக்கு ஆறியதாகத் தெரியவில்லை. 1970-களிலேயே வெண்கலத்துக்கு மாறி, மெலிந்து பிளவுண்ட உடல்களை மீண்டும் வடித்தார். வியட்நாம் மக்களின் துயருக்காக அவர் வடித்த பெரிய 'தாயும் சேயும்' சிலை, 1977-ல் முடிந்த சிறிது காலத்திலேயே கலாபவனத்திலிருந்து திருடுபோனது. 2006-ல் அவர் சாந்திநிகேதனில் காலமானார். மறு ஆண்டு பத்மபூஷண் வந்தது, சிலை கிடைக்கவில்லை.