உஷார்! ‘சாப்பாடு, தங்குமிடம் இலவசம்’ நோட்டீஸைப் பார்த்து பஸ் ஏறும் முன்…

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு ஆள் எடுக்க வந்துவிடுவார்கள். தூத்துக்குடி, தென்காசி, ராமநாதபுரம் பக்கம் பஸ் ஸ்டாப் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ‘சென்னையில் பிரபல ஜவுளிக்கடைக்கு ஆண்கள், பெண்கள் தேவை. முன் அனுபவம் தேவையில்லை. சாப்பாடு, தங்குமிடம் இலவசம்.’ பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும், வட்டிக் கணக்கை நினைத்துத் தூங்காமல் கிடக்கும் அப்பாவுக்கும் அந்தக் கடைசி வரிதான் கண்ணில் படும். பயப்பட வேண்டிய வரியும் அதுதான்.

தி.நகரில் ஒரு பெரிய கடையின் சேலை செக்‌ஷனில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். போகவே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கை நர்சிங் படித்தாள். ஆனால், இதைப் படிக்கும் தங்கச்சி, எதையும் எழுத்தில் வாங்காமல் போகாதே. உன் கையில் இருக்கும் காகிதத்தையும் கொடுத்துவிட்டு நிற்காதே.

ஒரிஜினலைக் கொடுக்காதே!

சேர்ந்த அன்றே ஆபீஸில் கேட்பார்கள்: “ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் குடும்மா, பத்திரமா இருக்கும்.” நானும் கொடுத்தேன். ஏழாவது மாதம் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று போன் வந்தது. “இப்போ சீசன். போகணும்னா போ. சர்ட்டிபிகேட் பொங்கலுக்கு அப்புறம்தான்” என்றார்கள். முதல் மாதச் சம்பளமும் அவர்களிடமே நின்றது. இரண்டையும் விட்டுவிட்டுக் கிளம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஜெராக்ஸ் கொடு, சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டு, அங்கேயே திரும்ப வாங்கிக்கொள். வெற்றுத் தாளிலோ எழுதாத பத்திரத்திலோ கையெழுத்துப் போடாதே. ‘இரண்டு வருடம் கட்டாயம் இருப்பேன்’ என்று எழுதிக் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடு.

இலவசம் எங்கே கழிகிறது?

ஆள் எடுக்க வருகிறவர் வாயால் சொல்லும் தொகை ஒன்று, கைக்கு வருவது வேறு. மெஸ் பிடித்தம், யூனிஃபார்ம் பிடித்தம், பத்து நிமிடம் பிந்தினால் லேட் ஃபைன். ஸ்டாக் எடுக்கும்போது ஒரு பீஸ் குறைந்தால், எடுத்தது யார் என்று தெரியாமலே செக்‌ஷன் மொத்தத்துக்கும் பிடித்தம். எது எதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைச் சேரும்போதே எழுதி வாங்கு. சம்பளம் உன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். மாதாமாதம் சம்பளச் சீட்டு கேள்.

நியாயமான பிடித்தமும் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) உண்டு. உன் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு நீ 90 ரூபாய், அவர்கள் 390 ரூபாய். பி.எஃப்.புக்கு (வருங்கால வைப்பு நிதி) உன் பங்கு 12 சதவீதம். பிடித்தார்கள் என்பதற்காகக் கட்டிவிட்டார்கள் என்று நம்பி இருந்துவிடாதே. யு.ஏ.என். என்னும் பி.எஃப். எண்ணோடு உன் செல் நம்பரையே பதிவு செய்யச் சொல், ஏஜென்ட் நம்பரை அல்ல. பிறகு 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எஸ்.எம்.எஸ். வரும்.

உன் கால்களைக் கவனி

காலை ஒன்பதரைக்கு வேலைக்கு ஏறினால் இறங்க இரவு பத்து. ஒரு குடும்பத்துக்கு ஐம்பது சேலை விரித்துக் காட்டி, அவர்கள் எதுவும் எடுக்காமல் போனால் ஐம்பதையும் மடித்து அடுக்க வேண்டும். கவுன்ட்டரில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் கண் அங்கே வந்துவிடும். பாத்ரூம் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவோம். விளைவு நீர்க்கடுப்பு, யூரினரி இன்ஃபெக்‌ஷன். அடுத்தது நரம்பு சுருட்டல். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், சிரையின் வால்வுகள் தளரும். இருபத்து மூன்று வயதில் என் காலில் நீல நரம்பு முறுக்கிக்கொண்டு தெரிந்தது.

உட்காருவது உன் உரிமை. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் போராடியதன் தொடர்ச்சியாகக் கேரளம் 2018இல் இதைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை போட வேண்டும், வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். 1947இல் வந்த அதே சட்டம்தான் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் பார்க்கும் வேலைக்கு இரட்டைச் சம்பளம். வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை, அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. நேர்காணலிலேயே கேள்: “எத்தனை மணி நேரம்? ஸ்டூல் இருக்கா? லீவு என்னைக்கு?” முகம் சுளித்தால் அதுவே பதில்.

இரவு எங்கே தூங்கப் போகிறாய்?

அப்பா அம்மா யாராவது ஒருவர் கூடப் போய் ஹாஸ்டலைப் பாருங்கள். ஓர் அறையில் எத்தனை பேர், எத்தனை கழிப்பறை, இரவில் கதவை வெளியே பூட்டுகிறார்களா, சாவி யாரிடம்? 2017 மே 31 அதிகாலை தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்தபோது, உள்ளே இருந்த ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள்தான் மீட்டுக் கொண்டுவந்தார்கள். கட்டடத்தையே பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. அதனால் முதல் நாள் இரவே இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கண்டுபிடி. அதில் துணி பண்டல் அடுக்கியிருந்தால் அடுத்த நாளே வீட்டுக்குச் சொல்.

யாரிடம் சொல்வது?

மாவட்டத்துக்கு மாவட்டம் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. சம்பளம், நேரம், லீவு, இருக்கை எதுவானாலும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். வருகைப் பதிவை போட்டோ எடுத்து வை, வேலை நேரத்தை டைரியில் குறித்து வை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். இது 2013 சட்டம். குழுவில் யார் யார் என்று முதல் வாரமே தெரிந்துகொள். ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 181. சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசம். இந்த எண்களை போனில் மட்டும் வைக்காதே, சில கடைகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு தாளில் எழுதி அம்மாவிடமும் கொடுத்துவிட்டுப் போ.

இந்தத் தீபாவளிக்கும் நோட்டீஸ் ஒட்டுவார்கள், பஸ்ஸும் நிறையும். போகிற பிள்ளையின் பையில் இரண்டு செட் ஜெராக்ஸ் இருக்கட்டும். ஒரிஜினல் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும். அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வருகிற அன்று, யாரிடமும் எதையும் கேட்டு நிற்காமல் கிளம்ப முடிய வேண்டும்.