உரத்தைத் தாங்கிய குட்டைக் கோதுமை

உரம் போட்டால் பயிர் செழிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால், அதிகமாக உரம் போட்டால் விளைச்சலே குறைந்துபோன பயிர் ஒன்று உண்டு. அதுதான் வட இந்தியாவின் பழைய கோதுமை.

அது ஏன் அப்படி ஆயிற்று? அந்தக் குறை எப்படித் தீர்ந்தது?

தலை கனத்தது, இடுப்பு ஒடிந்தது!

பழைய கோதுமை சுமார் நாலடி உயரம் வளரும். தாள் மெலிந்து இருக்கும். தழைச்சத்து உரம் போட்டால் பயிர் இன்னும் உயரும். கதிரில் மணி நிறைந்து தலை கனக்கும். தண்ணீர் பாய்ச்சிய மண் இளகி இருக்கும். அப்போது ஒரு காற்று அடித்தால் போதும். வயல் முழுவதும் பாய் விரித்ததுபோல் சாய்ந்துவிடும்!

சாய்ந்த பயிரில் மணி திரளாது. அறுப்பதும் கடினம். உரத்துக்குக் கொடுத்த பணமும் போய்விடும், விளைச்சலும் போய்விடும்.

ஒரு எக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். எக்டேருக்குச் சுமார் 40 கிலோ தழைச்சத்துக்கு மேல் அந்தப் பயிர் தாங்கவில்லை. 1964-65-ம் ஆண்டில் இந்தியாவின் சராசரி கோதுமை விளைச்சல் எக்டேருக்குச் சுமார் 900 கிலோதான். அதற்குப்பின் இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பலில் கோதுமை வந்தால்தான் ரொட்டி என்ற நிலை ஏற்பட்டது.

ஜப்பானில் பிறந்த குட்டை

1935-ல் ஜப்பானில் "நோரின் 10" என்ற கோதுமை வெளிவந்தது. அதன் உயரம் இரண்டடிதான். தாளோ உறுதியானது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அதன் விதை அமெரிக்காவுக்குப் போனது. அங்கு ஆர்வில் வோகல் என்ற நிபுணர் அதை வேறு ரகங்களோடு ஒட்டுச் சேர்த்தார்.

அந்த விதை மெக்சிகோவில் இருந்த நார்மன் போர்லாக்குக்குக் கிடைத்தது. அவர் அதை மெக்சிகோ கோதுமையோடு சேர்த்தார். சொனோரா 64, லெர்மா ரோஜோ 64 முதலிய புதிய ரகங்கள் பிறந்தன.

கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் அப்போது டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். 1963-ல் போர்லாக் இந்தியாவுக்கு வந்து வயல்களைப் பார்த்தார். பிறகு விதை அனுப்பி வைத்தார்.

வயலில் ஒரு பரீட்சை

டில்லி, லூதியானா, பந்த்நகர் முதலிய இடங்களில் சோதனை நடந்தது.

இத்தகைய சோதனையை எப்படிச் செய்வார்கள்? ஒரே வயலைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரிப்பார்கள். ஒரு பாத்தியில் உரமே கிடையாது. அடுத்ததில் கொஞ்சம். அதற்கு அடுத்ததில் இன்னும் அதிகம். பழைய ரகமும் புதிய ரகமும் அருகருகே வளரும். அறுவடையானதும் ஒவ்வொரு பாத்தியின் மணியையும் தனியாக நிறுப்பார்கள். தராசு பொய் சொல்லாது அல்லவா?

பழைய ரகம் கொஞ்சம் உரத்திலேயே சாய்ந்தது. குட்டை ரகமோ எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து போட்டும் நிமிர்ந்து நின்றது. உண்ட சத்து தாளை வளர்ப்பதில் வீணாகவில்லை, மணியாகத் திரண்டது.

ஏழை விவசாயியின் நிலத்தில்

ஆராய்ச்சி நிலையத்தில் விளைந்தால் போதுமா? விவசாயி நம்ப வேண்டுமே! 1964-65-ல் விவசாயிகளின் நிலத்திலேயே பயிரிட்டுக் காட்டினார்கள். சுவாமிநாதன் சிறு விவசாயிகளையே தேர்ந்தெடுத்தார். பணக்காரர் நிலத்தில் விளைந்தால், "அது பணம் செய்த வேலை" என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம்.

எக்டேருக்கு 4 டன்னுக்கு மேல் விளைந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் விதை கேட்டு வந்தார்கள்.

பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி.சுப்பிரமணியம் அப்போது மத்திய உணவு மந்திரி. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் விதை வாங்க அவர் ஏற்பாடு செய்தார்.

புதுப் பழக்கம்

விதை மட்டும் மாறினால் போதவில்லை. பழைய கோதுமையை ஆழமாக விதைப்பது வழக்கம். குட்டை ரகத்தின் முளையும் குட்டை. இரண்டு அங்குலத்துக்குக் கீழே போனால் வெளியே வரத் திணறும். முதல் தண்ணீரை விதைத்த 21-ம் நாள் வாக்கில் பாய்ச்ச வேண்டும். புதிய வேர் பிடிக்கும் நேரம் அது.

இன்னொரு சிக்கலும் வந்தது. மெக்சிகோ கோதுமை சிவப்பு நிறம். சப்பாத்திக்கு மக்கள் விரும்பியது பொன்னிறக் கோதுமை. எனவே இந்திய விஞ்ஞானிகள் பொன்னிற மணி உள்ள கல்யாண் சோனா, சோனாலிகா ரகங்களைப் பொறுக்கி எடுத்தார்கள்.

1964-65-ல் சுமார் ஒரு கோடியே 20 லட்சம் டன் விளைந்த கோதுமை, 1967-68-ல் ஒரு கோடியே 60 லட்சம் டன்னைத் தாண்டியது. 1968-ல் சர்க்கார் "கோதுமைப் புரட்சி" தபால்தலை வெளியிட்டது. போர்லாக்குக்கு 1970-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அளவு மீறினால்?

பாத்திச் சோதனை இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. முதல் மூட்டை உரம் நிறைய மணி தரும். அடுத்த மூட்டை அதைவிடக் குறைவாகத் தரும். ஒரு கட்டத்துக்குப் பிறகு போடுவதெல்லாம் வீண். பயிர் எடுக்காத தழைச்சத்து தண்ணீரோடு கீழே இறங்கும். குடிக்கும் கிணற்று நீரையும் கெடுக்கும்.

விளைச்சல் பெருகிய அந்த 1968-லேயே சுவாமிநாதன் எச்சரித்தார். மண்ணின் வளத்தைக் காக்காமல் விளைவித்துக்கொண்டே போனால், நிலம் கடைசியில் பாலைவனமாகும் என்றார்.

குட்டைக் கோதுமை நாட்டின் பசியை ஆற்றியது. உரத்தைத் தாங்கும் உறுதி அதன் தாளில் இருந்தது. ஆனால் எவ்வளவு உரம் போடுவது என்பதைப் பயிர் முடிவு செய்ய முடியாது. மண்ணைப் பரிசோதித்து, அளவறிந்து போடுவது விவசாயியின் கையில்தான் இருக்கிறது.