மழலைக்கு ஏற்ற முதல் உணவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

தாய்ப்பாலுக்கு ஈடான உணவு உலகில் வேறில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், தாய்ப்பால் மட்டுமே போதாத ஒரு நாளும் குழந்தையின் வாழ்வில் வருகிறது. அன்று முதல் எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பல வீடுகளில் குழப்பம் நேருகிறது. எங்கள் வீட்டிலும் நேர்ந்தது. அதில் என் பங்கும் உண்டு. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் சிறுசேரி. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி வயல்கள் இருந்த பக்கம் இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கட்டடங்கள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் என் தாயார் துப்புரவுப் பணி செய்கிறார். தந்தையார் கட்டட வேலைக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். எனவே ஆங்கிலத்தில் அச்சிட்ட எதுவானாலும், வங்கிக் கடிதம் முதல் மருந்துச் சீட்டு வரை, என் கைக்கு வந்துவிடும்.

சென்ற ஆண்டு பிரசவத்திற்கு வந்திருந்த என் அக்கா, குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்ததும், "நீதானே படிக்கிறே, பாப்பாவுக்கு என்ன குடுக்கலாம், சொல்லு" என்று கேட்டாள். நான் சிறிதும் தயங்காமல் கடையில் விற்கும் தானிய உணவு டப்பா ஒன்றைச் சொன்னேன். அதன்மேல் அச்சிட்டிருந்த வைட்டமின்களின் பெயர்கள் என் பாடநூலில் படித்தவை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. தந்தையார் ஒரு நாள் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கி வந்தார். விலை மிகுதி ஆதலால் மாதம் முழுவதும் வரவேண்டுமென்று ஒரு டம்ளர் நீருக்கு ஒரு கரண்டி மாவு என அளந்து கரைத்தோம். இடையிடையே பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து புட்டியில் கொடுத்தோம். அங்கன்வாடியில் இலவசமாகத் தந்த சத்துமாவையோ கொழுக்கட்டை பிடித்து நாங்களே தின்று தீர்த்தோம்.

எட்டாம் மாதம் அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். ஆறாம் மாதத்தில் இருந்த அதே 6 கிலோ 500 கிராம். வளர்ச்சி அட்டையில் ஏறிச் செல்லவேண்டிய கோடு படுத்துவிட்டது. அக்காவின் மாமியார், "பால் வத்திப்போச்சு, அதான்" என்றார். அக்கா அழுதாள், தாய்ப்பாலை அடியோடு நிறுத்திவிடலாமா என்றுகூட எண்ணினாள். அங்கன்வாடி டீச்சர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. "கஞ்சியைக் கரண்டியில எடுத்துச் சாய்ச்சா வழியுதா, நிக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டார். "வழியுதுங்க டீச்சர்." "அப்ப பாப்பா தண்ணிதான் குடிக்குது. தாய்ப்பாலை நிறுத்திடாதே. கஞ்சியைக் கெட்டியாக்கு."

அந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு அறிவியல் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர்த் தேடிப் படித்தேன். அதனைத் தோழ தோழியருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் ஆறு மாதம்?

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீரும் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதன்பின் இணை உணவு தொடங்கவேண்டும். தாய்ப்பாலும் இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் தொடரவேண்டும். 'பால்குடி மறக்கச் செய்தல்' என்று நாம் சொல்வதால், ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்குவது என்று பொருள் கொண்டுவிடுகிறோம். அது தவறு. தாய்ப்பாலோடு இணைந்து வருவதால்தான் அதற்கு இணை உணவு என்று பெயர். கருவில் இருந்தபோது குழந்தை சேமித்த இரும்புச்சத்தும் ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. எனவே மேலும் தாமதிப்பதும் நல்லதன்று.

சிறிய வயிறு, பெரிய தேவை

ஒரு குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 30 கிராம் உணவையே கொள்ளும். எங்கள் பாப்பாவுக்கு அது 200 கிராம் அளவு. தாய்ப்பால் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு இணை உணவிலிருந்து நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை. 9 முதல் 11 மாதத்தில் 300. ஓராண்டுக்குப் பின் 550.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒரு கரண்டி மாவு 10 கிராம் என்று கொண்டால் அதில் 35 முதல் 40 கலோரி. அதை 200 மில்லி நீரில் கரைத்தால் குழந்தையின் வயிறு நிறையும். உடலுக்குக் கிடைப்பதோ 40 கலோரிக்குள்தான். இருவேளை கொடுத்தாலும் 80ஐத் தாண்டாது. வயிறு நிறைந்த குழந்தை தாய்ப்பாலையும் குறைத்துக்கொள்ளும். நாங்கள் செய்தது இதுவே! ஒரு கிராம் உணவில் 0.8 கலோரியேனும் இருந்தால்தான் இணை உணவு பயன் தரும் என்று ஊட்டச்சத்து அறிஞர்கள் கூறுகின்றனர். டீச்சர் கேட்ட 'வழியுதா, நிக்குதா' என்பது இந்த எண்ணைத் தராசு இல்லாமல் அளக்கும் முறையாகும்.

எந்தத் தானியம்?

அரிசி எளிதில் செரிப்பது, தொடங்குவதற்கு ஏற்றது. கேழ்வரகோ சுண்ணாம்புச்சத்தில் தானியங்களுள் தலையாயது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 10 மில்லிகிராமே. இத்தகைய அளவுகளை நமக்குக் கணக்கிட்டுத் தந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் நம் நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மக்கேரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமாகப் பிறந்தது. 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது.

எனினும் எந்தத் தானியமும் தனியே முழுமை பெறாது. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. எனவே மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பாசிப்பருப்போ பொட்டுக்கடலையோ சேர்த்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். கேழ்வரகில் இரும்புச்சத்து இருந்தாலும், அதிலுள்ள ஃபைட்டேட் அதை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. மசித்த முட்டை, முள் நீக்கிய மீன், கீரை, கொய்யா, தக்காளி ஆகியவற்றைப் படிப்படியாகச் சேர்ப்பது இதனால்தான் இன்றியமையாதது.

முளைகட்டுவதன் பயன்

கஞ்சியைக் கெட்டியாக்கினால் குழந்தை விழுங்க மறுக்கிறதே என்று கேட்கலாம். மாவுச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சிப் பருத்துப் பசையாவதே காரணம். இதற்கு விடை நம் பாட்டிமார்களின் முளைகட்டிய கேழ்வரகில் இருக்கிறது. தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்னும் நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டுகிறது; பசை தளர்கிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களின் தொடக்கத்திலேயே முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயறையும் கொண்டு இவ்வகைக் குழந்தை உணவை உருவாக்கிக் காட்டினர்.

நானே வீட்டில் இதைச் சோதித்தேன். கெட்டியான கஞ்சி இரு கிண்ணங்களில். சூடு சற்றுத் தணிந்ததும் ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கலந்தேன். பத்து நிமிடத்தில் ஒரு கிண்ணம் களியாகவே நின்றது. மற்றொன்று கூழாக இளகியது. இரண்டிலும் மாவின் அளவு ஏறக்குறைய ஒன்றே! இங்கு வழிவது தண்ணீரால் அன்று, நொதியால்.

செய்முறை எளிது. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, ஒன்றிரண்டு நாள் முளைக்கவிட்டு, நன்கு உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்கவேண்டும். கருக வறுத்தாலும், கொதிக்கும் கஞ்சியில் போட்டாலும் நொதி அழிந்துவிடும். எனவே இறக்கியபின் கலந்து, இளகியதும், கிருமி அழிய மீண்டும் ஒரு கொதி விடவேண்டும். 40 கிராம் மாவுக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்தால், 200 கிராம் கிண்ணத்தில் ஏறக்குறைய 170 கலோரி கிடைத்துவிடும்.

எந்தப் பால்?

பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதையே முக்கிய உணவாக்கினால் இரத்தசோகை வரலாம். எனவே தாய்ப்பால் உள்ள குழந்தைக்கு ஓராண்டு நிறையும்வரை கஞ்சியில் சிறிது சேர்ப்பதோடு நிறுத்துவது நல்லது. தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு 6 முதல் 11 மாதம் வரை பால்மாவோ விலங்குப் பாலோ தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டி. மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க. பசும்பாலைக் காய்ச்சவேண்டும், அதில் தண்ணீர் கலப்பது சத்தைப் பாதியாக்குவதாகும். பால்மாவானால் டப்பாவில் குறித்த அளவிலேயே கரைக்கவேண்டும். பாக்கெட் பாலில் கொழுப்பின் அளவு அச்சிட்டிருக்கும்: இருநிலைப்படுத்திய பாலில் 1.5 சதவீதம், சமன்படுத்திய பாலில் 3, நிறைகொழுப்புப் பாலில் 6. குழந்தைக்குக் கொழுப்பு குறைந்த பால் வேண்டா. புட்டியைத் தூய்மையாக வைத்தல் கடினம். கிண்ணமும் கரண்டியும் அல்லது பாலாடையுமே சிறந்தவை. தேன், ஓராண்டுக்கு முன் நாக்கில் தொட்டு வைப்பதற்கும் ஆகாது.

டப்பா உணவு தீதா?

தீதென்று நான் சொல்லவில்லை. பலவற்றில் இரும்புச்சத்து சேர்க்கப்பட்டுள்ளது, அது நன்மையே. ஆனால் பொருட்பட்டியலைப் படியுங்கள். அளவில் மிகுந்தது முதலில் நிற்கும். சர்க்கரை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு பன்னாட்டு நிறுவனம் இந்தியாவில் விற்ற குழந்தைத் தானிய உணவில் சர்க்கரை சேர்த்தும், ஐரோப்பிய நாடுகளில் சேர்க்காமலும் விற்றதை, சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு 2024 ஏப்ரலில் வெளிப்படுத்தியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு விளம்பரம் செய்வதையே நம் நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் நினைவில் கொள்வோம்.

எங்கள் வீட்டில் சத்துமாவு இப்போது பாப்பாவுக்கே உரியது. அக்கா தாய்ப்பாலை நிறுத்தவில்லை. பதினொன்றாம் மாதத்தில் பாப்பாவின் எடை 7 கிலோ 400 கிராம். அட்டையில் கோடு மீண்டும் மேலே ஏறியது.

படித்தவள் என்ற பெயரை நம்பித்தான் என் வீட்டார் டப்பாவை வாங்கினர். நான் படித்திருந்தது பெயர்களை மட்டுமே. நம்மில் பலரும் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் சொல்லை வீட்டார் சோதித்துப் பார்க்கமாட்டார்கள், அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே, சொல்லுமுன் நாம் ஒருமுறை கேட்டறிவோம். வாரம் ஒருநாளேனும் உங்கள் ஊர் அங்கன்வாடியின் படியேறிப் பாருங்கள், தோழர்களே! நம் பாடநூலில் இல்லாத பாடம் அங்கே இருக்கிறது.